பள்ளித் தலைமைக் குழுவில் புதிதாகச் சேருபவர்களுக்கு: முதல் கல்வியாண்டுக்கான வழிகாட்டி

துணை முதல்வர், பிரிவுப் பொறுப்பாளர், தேர்வுப் பொறுப்பாளர், பாட ஒருங்கிணைப்பாளர் என ஏதோ ஒரு பதவிக்கான ஆணை உங்கள் கைக்கு வந்திருக்கிறது. இனி வாரந்தோறும் முதல்வரின் அறையில் நடக்கும் கூட்டத்தில் உங்களுக்கும் ஒரு நாற்காலி உண்டு. பாடம் நடத்தப் பயிற்சி கொடுத்தார்கள், வினாத்தாள் தயாரிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். ஆறேழு பேர் சேர்ந்து ஒரு பள்ளியை நடத்துவது எப்படி என்று மட்டும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். எனக்கும் சொல்லித் தரவில்லை. முதல் ஆண்டு முழுவதும் தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தலைமைக் குழுவில் ஒற்றுமை இல்லை என்று குறைபட்டுக்கொள்ளும் பள்ளிகளில், நான் பார்த்தவரை, மனக்கசப்பு பின்னால்தான் வருகிறது. அதற்கு முன்பே குழப்பம் வந்துவிடுகிறது. எந்த முடிவை யார் எடுப்பது என்று யாருக்கும் திட்டவட்டமாகத் தெரியாது. ஒருவர் செய்ததை இன்னொருவர் மாற்றுவார், மூன்றாமவருக்குத் தகவலே போயிருக்காது. பிறகு அதற்கு ஆணவம், அலட்சியம் என்று பெயர் வைக்கிறோம். ஆகவே இந்த வழிகாட்டியில் குணநலன்களைப் பற்றிக் குறைவாகவும், எழுதி வைக்க வேண்டியவற்றைப் பற்றி அதிகமாகவும் பேசப்போகிறேன்.

1. பொறுப்பேற்கும் முன்பே கேட்டு வாங்க வேண்டிய ஆவணங்கள்

ஆணை வந்த நாளுக்கும் பொறுப்பேற்கும் நாளுக்கும் இடையே சில வாரங்கள் கிடைத்தால் அது பெரிய வாய்ப்பு. பொறுப்பேற்ற பிறகு படிக்க நேரம் இருக்காது. கீழே உள்ளவற்றை முதல்வரிடமோ அலுவலகத்திலோ எழுத்து மூலம் கேளுங்கள்:

- உங்கள் பணிப் பொறுப்புகளின் பட்டியல். பதவிப் பெயர் மட்டும் உள்ள ஆணை போதாது.
- கடந்த ஓராண்டின் தலைமைக் குழுக் கூட்டக் குறிப்புகள்.
- நடப்புப் பள்ளி மேம்பாட்டுத் திட்டமும், கடைசியாக நடந்த ஆய்வின் அறிக்கையும்.
- வரும் கல்வியாண்டின் நாட்காட்டி, ஆசிரியர்களின் பாடவேளை ஒதுக்கீடு.
- உங்கள் பிரிவுக்கான நிதி ஒதுக்கீடு, செலவுக்கு ஒப்புதல் பெறும் நடைமுறை.
- மாணவர் பாதுகாப்பு, ஒழுங்கு நடவடிக்கை, பெற்றோர் புகார் ஆகியவற்றுக்கான விதிமுறைகள்.
- உங்களுக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்தவரின் ஒப்படைப்புக் குறிப்பு.

கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் இருக்காது. இல்லையென்றால், முன்னவர் பள்ளியிலேயே இருக்கும்பட்சத்தில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். "இந்தப் பொறுப்பில் எந்த மாதம் அதிக நெருக்கடி? எந்த வேலை உங்களுடையதாக இல்லாமலேயே உங்கள் மேசைக்கு வந்துகொண்டிருந்தது?" இந்த இரண்டு கேள்விகளை மட்டும் தவறாமல் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதில் எந்தக் கோப்பிலும் இருக்காது.

கூட்டக் குறிப்புகளைப் படிக்கும்போது பென்சிலும் கையுமாக உட்காருங்கள். ஒரே விஷயம் மூன்று, நான்கு கூட்டங்களில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறதா என்று பாருங்கள். "கழிப்பறைக் கண்காணிப்பு குறித்து விவாதிக்கப்பட்டது" என்று ஜூலையிலும் இருக்கும், செப்டம்பரிலும் இருக்கும், ஜனவரியிலும் இருக்கும். யார் செய்வது, எப்போது முடிப்பது என்ற இரண்டும் எந்தக் குறிப்பிலும் இராது. அப்படிப்பட்டவற்றை அடிக்கோடிட்டுத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். குழு எங்கே சிக்கி நிற்கிறது என்பதை அந்தத் தாளே காட்டிவிடும்.

கூட்டக் குறிப்பே எழுதும் வழக்கம் இல்லை என்று பதில் வந்தால் அதுவும் முக்கியமான தகவல்தான். ஐந்தாம் படியை முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டியிருக்கும்.

2. குழுவில் யார் யார் என்று உறுதி செய்யுங்கள்

அற்பக் கேள்வியாகத் தோன்றும். ஆனால் ரூத் வேகமன், ரிச்சர்ட் ஹேக்மன் முதலிய ஆய்வாளர்கள் பல நாடுகளில் 120 தலைமைக் குழுக்களை ஆராய்ந்தபோது, குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு உறுப்பினர்கள் ஒருமித்த பதில் சொன்ன குழுக்கள் பத்து சதவீதத்துக்கும் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை பெரிய நிறுவனங்களின் உச்சிக் குழுக்கள். அங்கேயே அந்த நிலை என்றால், அலுவலக மேலாளர் உறுப்பினரா, அழைக்கப்படும்போது மட்டும் வருபவரா, விளையாட்டுத் துறைத் தலைவருக்கு இடம் உண்டா என்பதெல்லாம் பள்ளியில் எவ்வளவு மங்கலாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதல்வரிடம் நேரடியாகக் கேளுங்கள்: நிரந்தர உறுப்பினர்கள் யார், தேவைக்கு அழைக்கப்படுபவர்கள் யார், அவர்களுக்கு முடிவில் பங்கு உண்டா? பதிலைப் பெயர்களோடு எழுதி வாங்குங்கள்.

எண்ணிக்கையும் கவனிக்கத்தக்கது. ஐந்து பேர் குழுவில் இருவர் இருவராகப் பார்த்தால் 10 உறவுகள். எட்டுப் பேரானால் 28. பன்னிரண்டு பேரானால் 66. யாரையும் வருத்தப்பட வைக்கக் கூடாது என்பதற்காக ஆளைச் சேர்த்துக்கொண்டே போகும் பள்ளிகளில் கூட்டம் அறிவிப்பு மேடையாக மாறிவிடுகிறது. உண்மையான பேச்சு அதன் பிறகு மூன்று பேருக்குள் தாழ்வாரத்தில் நடக்கிறது. புதியவரான உங்களால் எண்ணிக்கையைக் குறைக்க முடியாது. ஆனால் அந்தத் தாழ்வாரப் பேச்சு நடக்கிறதா என்பதை முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்ளலாம்.

3. எந்த முடிவு யாருடையது: ஒரு பக்க அட்டவணை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் ஒரே வெள்ளிக்கிழமை இரண்டு சுற்றறிக்கைகள் பெற்றோருக்குப் போயின. ஒன்றில் பெற்றோர் சந்திப்பு காலை பத்து மணி, மற்றொன்றில் பிற்பகல் இரண்டு மணி. ஒன்று பிரிவுப் பொறுப்பாளர் கையெழுத்திட்டது, மற்றது தேர்வுப் பொறுப்பாளர் கையெழுத்திட்டது. இருவருமே தங்கள் வேலையைத் தான் செய்தார்கள். பெற்றோர் சந்திப்பின் நேரத்தை முடிவு செய்பவர் யார் என்பது எங்கும் எழுதப்படவில்லை. மறுவாரம் வாசலில் நின்ற காவலாளி இரண்டு தாள்களையும் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு பொறுப்பாளர்களும் அதன் பிறகு பல மாதங்கள் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை.

அட்டவணை போடும் முறை எளிது. ஒரு தாளில் உங்கள் பொறுப்பில் ஓர் ஆண்டில் வரக்கூடிய முடிவுகளைக் கீழ்நோக்கி எழுதுங்கள். இருபது, இருபத்தைந்து வரிகள் வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே கீழுள்ள நான்கு நிலைகளில் ஒன்றைக் குறியுங்கள்.

முதல் நிலை: நானே முடிவெடுப்பேன், யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 
இரண்டாம் நிலை: நானே முடிவெடுப்பேன், அன்றே குழுவுக்குத் தெரிவிப்பேன். 
மூன்றாம் நிலை: குறிப்பிட்ட சிலரைக் கேட்ட பிறகு நான் முடிவெடுப்பேன். 
நான்காம் நிலை: நான் பரிந்துரை செய்வேன், முடிவு முதல்வருடையது.

ஆசிரியர் ஒருவர் வராத நாளில் அவருடைய வகுப்புக்கு யாரை அனுப்புவது என்பது முதல் நிலை. உங்கள் பிரிவுக்குள் இரண்டு பாடவேளைகளை நிரந்தரமாக மாற்றுவது இரண்டாம் நிலை. மாதத் தேர்வின் தேதியை நகர்த்துவது மூன்றாம் நிலை, அதற்குத் தேர்வுப் பொறுப்பாளரையும் மற்றப் பிரிவுப் பொறுப்பாளர்களையும் கேட்டாக வேண்டும். மாணவரை இடைநீக்கம் செய்வது, குறிப்பிட்ட தொகைக்கு மேல் செலவு செய்வது, ஆசிரியருக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுப்பது ஆகியவை அநேகமாக எல்லாப் பள்ளிகளிலும் நான்காம் நிலையில்தான் இருக்கும்.

உங்கள் ஊகத்தின்படி நிரப்பிய தாளை முதல்வரிடம் கொண்டுபோய், "இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன், எங்கெல்லாம் மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். வெற்றுத்தாளைக் கொடுத்து நிரப்பித் தரச் சொன்னால் அது மேசையிலேயே கிடக்கும். நிரப்பிய தாளைத் திருத்தித் தர யாரும் தயங்குவதில்லை. பதினைந்து நிமிட வேலை.

இதில் வழக்கமாக வரும் பொறிகள் மூன்று.

ஒரே வரிக்கு இரண்டு பெயர் எழுதுவது முதல் பொறி. "இருவரும் கலந்து பேசி" என்று எழுதினால் நன்றாக இருக்கும். அவசரம் வரும்போது இருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள், இல்லையென்றால் இருவருமே ஆளுக்கொரு முடிவு எடுத்துவிடுவார்கள். ஆலோசனை எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், முடிவுக்கு ஒரு பெயர்தான்.

"எல்லா முடிவையும் எல்லோரும் சேர்ந்து எடுப்போம்" என்ற பேச்சு இரண்டாவது. கேட்க ஜனநாயகமாக ஒலிக்கும். நடைமுறையில், முடிவு தவறிப்போனால் பொறுப்பேற்க ஆள் இருக்காது. 

மூன்றாவதுதான் புதியவர்களை அதிகம் வாட்டுவது. பொறுப்பு உங்கள் பெயரில் இருக்கும், அதிகாரம் வேறொருவரிடம் இருக்கும். மாலை நேர வகுப்புகளுக்கு நீங்கள் பொறுப்பாளர், ஆனால் அந்த வகுப்புகளுக்கு ஆசிரியர்களை நியமிப்பவர் இன்னொருவர் என்றால் அந்தப் பொறுப்பை அப்படியே ஏற்காதீர்கள். "பொறுப்பை ஏற்கிறேன், ஆசிரியர் ஒதுக்கீட்டில் குறைந்தபட்சம் மூன்றாம் நிலை அனுமதி வேண்டும்" என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். முதல் வாரத்தில் கேட்டால் அது தெளிவு தேடும் கேள்வி. ஆறாம் மாதத்தில் கேட்டால் சாக்குச் சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள்.

அட்டவணை முடிந்ததும் குழுவில் உள்ள அனைவருக்கும் ஒரு படி கொடுங்கள். மற்றவர்களும் தங்களுடையதைப் போட்டுக் காட்டினால் நல்லது. அப்போதுதான் ஒரே வரிக்கு இருவர் உரிமை கொண்டாடுவதும், எவருடைய தாளிலும் இல்லாத வேலைகளும் கண்ணில் படும். எவருடைய தாளிலும் இல்லாதவைதான் ஆபத்தானவை. பள்ளி விட்ட பிறகு அழைத்துச் செல்ல ஆள் வராமல் நிற்கும் குழந்தை யாருடைய பொறுப்பு என்பது அப்படிப்பட்ட ஒன்று.

4. முதல்வருடன் தனிச் சந்திப்பு

வாராந்தரக் குழுக் கூட்டம் வேறு, இது வேறு. வாரத்துக்கு அரை மணி நேரம், நிரந்தரமான ஒரு பாடவேளையில் குறித்துக்கொள்ளுங்கள். தள்ளிப்போடலாம், ரத்து செய்யக் கூடாது என்று ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள்.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை: எந்தச் செய்தி வந்தால் இரவானாலும் உங்களைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும்? எதைக் காலை வரை வைத்திருக்கலாம்? கூட்டத்தில் உங்கள் கருத்தை நான் மறுக்க நேர்ந்தால் அங்கேயே சொல்லட்டுமா, முன்கூட்டித் தனியாகச் சொல்ல வேண்டுமா? கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். கேளுங்கள். முதல்வர்களில் பெரும்பாலோர் அதை மரியாதையாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

5. வாராந்தரக் கூட்டம்

முதலில் இதன் விலையைக் கணக்கிடுங்கள். ஏழு பேர், வாரம் ஒன்றரை மணி நேரம், கல்வியாண்டில் 36 வேலை வாரங்கள் என்று வைத்துக்கொண்டால் 378 மனித மணி நேரம் ஆகிறது. ஒரு பள்ளி நாள் ஆறு மணி நேரம் என்றால் இது 63 பள்ளி நாட்களுக்குச் சமம். பள்ளியின் மிக அனுபவமுள்ளவர்களின் நேரம் அது. அவ்வளவையும் சீருடை நிறத்திலும் வாகன நிறுத்தத்திலும் செலவழிக்க மனம் வருமா?

வேறு எதில் செலவழிப்பது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த விவியன் ராபின்சனும் அவருடைய சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், பள்ளித் தலைமை செய்யும் பல்வேறு வேலைகளில் மாணவர்களின் கற்றலோடு மிக வலுவாகத் தொடர்புடையதாக வெளிப்பட்டது, ஆசிரியர்களின் தொழில்முறைக் கற்றலை ஊக்குவித்து அதில் தலைவர்களும் நேரடியாகக் கலந்துகொள்வது. உங்கள் பள்ளியின் கடந்த பத்துக் கூட்டக் குறிப்புகளை எடுத்து, கற்பித்தல் பற்றி எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிய பிறகு பேச்சே தேவைப்படாது.

நிகழ்ச்சி நிரல் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே எல்லோர் கைக்கும் வர வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே "தகவல்", "கருத்து", "முடிவு" என்ற மூன்றில் ஒரு சொல் இருக்க வேண்டும். தகவல் மட்டும் என்றால் எழுதி அனுப்பிவிடலாம், கூட்டத்தில் அதற்கு நேரம் ஒதுக்க வேண்டாம். இந்த ஒரு சொல்லைச் சேர்த்தாலே கூட்டத்தின் நீளம் கணிசமாகக் குறையும். முடிவுக்கான பொருள்களை முதலில் வையுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில், எல்லோரும் கடிகாரம் பார்க்கும் வேளையில் எடுக்கப்படும் முடிவுகளைத்தான் அடுத்த வாரம் மாற்ற வேண்டி வருகிறது.

பேசும் வரிசையையும் கவனியுங்கள். முதல்வர் முதலில் கருத்துச் சொன்னால் பிறகு வருவது அநேகமாக ஆமோதிப்புதான். முதல்வர் கடைசியில் பேசுவது நல்லது, புதியவர் முதலில் பேசுவது இன்னும் நல்லது. நீங்களாக இதைக் கோர முடியாது. தனிச் சந்திப்பில், "நீங்கள் முதலில் சொல்லிவிட்டால் எங்களுக்கு மாற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

பெரிய திட்டங்களுக்கு, உதாரணமாகப் புதிய கால அட்டவணைக்கோ மதிப்பீட்டு முறை மாற்றத்துக்கோ, உளவியலாளர் கேரி கிளைன் 2007இல் எழுதிய ஒரு பயிற்சி மிகவும் பயன்படுகிறது. திட்டத்துக்கு ஒப்புதல் தரும் முன், "ஓராண்டு கழிந்துவிட்டது, இந்தத் திட்டம் படுதோல்வி அடைந்துவிட்டது. ஏன்?" என்று கேட்டு, ஒவ்வொருவரும் தனித்தனியே சில நிமிடங்கள் காரணங்களை எழுத வேண்டும். பிறகு ஆளுக்கு ஒன்றாகச் சுற்றிவரப் படிக்க வேண்டும். "இது சரிப்பட்டு வராது" என்று சொல்லத் துணியாதவர்கூட, தோல்வி நடந்துவிட்டதாக வைத்துக்கொண்டால் காரணம் எழுதத் தயங்குவதில்லை. ஆய்வக உதவியாளர்கள் யாரும் அந்த நேரத்தில் பணியில் இல்லை, இரண்டு பிரிவுகளுக்கும் ஒரே மைதானம் ஒதுக்கப்பட்டிருக்கிறது போன்றவை அப்போதுதான் வெளியே வரும். இருபது நிமிடங்களுக்கு மேல் ஆகாது.

கூட்டக் குறிப்புக்கு நான்கு கட்டங்கள் கொண்ட அட்டவணை போதும்: பொருள், முடிவு, செய்பவர், தேதி. விவாதத்தை எழுத வேண்டாம், யார் என்ன சொன்னார் என்பதும் வேண்டாம். அன்று மாலைக்குள் அனுப்பிவிட வேண்டும். அடுத்த கூட்டம் இந்தத் தாளிலிருந்து தொடங்க வேண்டும். குறிப்பு எழுதும் வேலையைப் புதியவரான நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்தர் வேலை என்று ஒதுக்காதீர்கள். "இதில் செய்பவர் யார் என்று எழுதட்டும்?" என்று எல்லோரையும் கேட்கும் உரிமை குறிப்பு எழுதுபவருக்கு மட்டுமே இயல்பாகக் கிடைக்கிறது.

6. அறைக்குள் மறுத்துப் பேசுங்கள், வெளியே ஒரே குரலில் பேசுங்கள்

குழுக்களின் செயல்பாட்டை ஆராயும் எமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது எதிர்பாராத ஒன்றைக் கண்டார். நன்றாக வழிநடத்தப்பட்ட குழுக்களில்தான் மருந்து கொடுப்பதில் நேர்ந்த தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே தவறை வெளிப்படையாகச் சொல்ல முடிந்தது என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம். பள்ளியிலும் அப்படித்தான். பிரச்சினையே இல்லை என்று எல்லாப் பிரிவுகளும் அறிக்கை தரும் பள்ளியில் பிரச்சினைகள் முதல்வரின் காதுக்கு எட்டவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். "இந்த வாரம் என் பிரிவில் தவறிப்போனது" என்று ஆளுக்கு ஒரு நிமிடம் கூட்டத்தில் வைக்கச் சொல்லிப் பரிந்துரையுங்கள். முதல்வரே முதலில் ஒன்றைச் சொன்னால் மற்றவர்களுக்குத் தைரியம் வரும்.

மறுப்பதற்கு மொழி வேண்டும். "இது தவறு" என்பதைவிட, "இதில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு வாரம் இரண்டு பாடவேளை கூடுகிறது, அதை எப்படிச் சமாளிப்பது?" என்று கேட்பது வேலை செய்கிறது. ஆளைத் தொடாமல் விளைவைத் தொடுங்கள்.

முடிவு எடுக்கப்பட்ட பிறகு, அது உங்கள் கருத்துக்கு மாறாக இருந்தாலும், வெளியே அது உங்கள் முடிவும்தான். ஆசிரியர் அறையில் யாராவது நிச்சயம் கேட்பார்கள்: "உங்களுக்கே இதில் உடன்பாடு இல்லையாமே?" அந்தக் கேள்விக்கான பதிலை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். "பல கோணங்களில் பேசினோம், இந்த முடிவுக்கு வந்தோம். நடைமுறையில் உங்களுக்கு எங்கே சிரமம் என்று சொல்லுங்கள், அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன்." இதில் பொய் எதுவும் இல்லை, சக உறுப்பினர் எவரையும் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

இந்த விதிக்கு விலக்கு உண்டு. ஒரு மாணவரின் பாதுகாப்பு, பணக் கையாடல், சட்ட மீறல் ஆகிய மூன்றிலும் ஒரே குரல் என்ற பேச்சுக்கே இடமில்லை. நீங்கள் பார்த்ததைத் தேதியிட்டு எழுதி, விதிமுறையில் சொல்லியுள்ள அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். குழு உணர்வு என்ற பெயரில் யாராவது தடுத்தால், அது குழு உணர்வே கிடையாது.

7. அதே பள்ளியிலிருந்து உயர்ந்தவர்களுக்கு மட்டும்

நேற்றுவரை பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த தோழிக்கு இன்று நீங்கள் வகுப்புப் பார்வையிட வருகிறீர்கள். சங்கடம் இருக்கத்தான் செய்யும். நெருக்கமான ஓரிருவரிடம் முதல் வாரத்திலேயே தனியாகப் பேசுங்கள்: கூட்டத்தில் பேசுவதைக் கேட்காதே, நானும் சொல்ல மாட்டேன், மற்றபடி நம் பழக்கம் மாறாது. ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிவிடுவது இருதரப்புக்கும் நல்லது. அவர்களுக்குப் புலம்ப ஓர் இடம் வேண்டும். பார்வையிடல், விடுப்பு ஒப்புதல் போன்றவற்றில் மிக நெருக்கமானவர்களின் விஷயத்தை வேறொரு பொறுப்பாளரிடம் மாற்றிக்கொள்ள முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

8. செலவுகள்: பாடவேளை, பணம், உடல்நலம்

பதவி வந்தாலும் பாடவேளைகள் குறையாமல் இருப்பதுதான் மிகப் பொதுவான சிக்கல். பொறுப்பேற்கும் முன்பே, வாரத்துக்கு எத்தனை பாடவேளை நடத்த வேண்டும், நிர்வாகத்துக்கு எத்தனை ஒதுக்கீடு என்று எழுத்தில் கேளுங்கள். கால அட்டவணை அச்சான பிறகு கேட்டுப் பயனில்லை. ஒருவருக்குக் குறைத்தால் இன்னொருவருக்குக் கூட வேண்டியிருக்கும், அதற்கு அப்போது யாரும் உடன்பட மாட்டார்கள். ஒதுக்கிய நிர்வாகப் பாடவேளைகளைக் காலையும் மாலையுமாகச் சிதறடிக்காமல், வாரத்தில் ஒருமுறையாவது இரண்டு அடுத்தடுத்து வரும்படி கேளுங்கள். திட்டமிடும் வேலைக்கு நாற்பது நிமிடம் போதாது.

பதவிக்கான கூடுதல் படி எப்போதிலிருந்து கணக்கில் வரும், விடுமுறைக் காலத்தில் பணிக்கு வர வேண்டிய நாட்கள் எத்தனை, தேர்வு மையப் பொறுப்புக்குத் தனி ஊதியம் உண்டா, பள்ளி வேலைக்கு உங்கள் சொந்தத் தொலைபேசிதானா என்பவற்றையும் ஆணையில் கையெழுத்திடும் முன்பே கேட்க வேண்டும். பயிற்சிக்குப் பணம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால், வேறொரு பள்ளியில் இதே பொறுப்பில் உள்ள ஒருவரை மாதம் ஒருமுறை சந்திக்கப் பணி நேரத்தில் அனுமதி கேளுங்கள். செலவே இல்லாத இந்த ஏற்பாடு எனக்குப் பல பயிற்சி முகாம்களைவிட அதிகம் தந்தது.

உங்கள் துறைக்கான பணத்தை எந்த மாதத்துக்குள் கோர வேண்டும் என்பதை நாட்காட்டியில் குறியுங்கள். கோரும் தேதி நிதியாண்டைப் பின்பற்றும், கல்வியாண்டைப் பின்பற்றாது. இந்த வித்தியாசம் தெரியாமல் ஓராண்டு ஒதுக்கீட்டைத் தவறவிட்டவர்கள் பலர்.

இரவு எத்தனை மணிக்குப் பிறகு செய்திகளுக்குப் பதில் தர வேண்டியதில்லை என்று குழுவாக ஒரு நேரத்தை முடிவு செய்யுங்கள். ஒருவர் மட்டும் கடைப்பிடித்தால் அது நிலைக்காது.

9. எப்போது எதைச் செய்வது

முதல் வாரத்தில் முடிவு அட்டவணை, முதல்வருடன் முதல் தனிச் சந்திப்பு. குழு உறுப்பினர் ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம், முடிந்தால் அவர்களுடைய இடத்திலேயே. "என்னிடமிருந்து உங்களுக்கு எந்தத் தகவல், எப்போது வேண்டும்?" என்பது மட்டும் போதும்.

முதல் மாதம் எதையும் மாற்றாதீர்கள். பாதுகாப்புக் குறைபாடு மட்டும் விதிவிலக்கு. காலை வணக்கக் கூட்டம், இடைவேளை, பள்ளி விடும் நேரம் மூன்றையும் வெவ்வேறு இடங்களில் நின்று பாருங்கள். மாற்ற நினைப்பவற்றை எழுதி மட்டும் வையுங்கள். மாத இறுதியில் அந்தப் பட்டியலில் பாதி தானாகவே அடிபட்டுப்போகும், ஏனென்றால் அந்த ஏற்பாட்டுக்கான காரணம் அதற்குள் தெரிந்திருக்கும்.

இரண்டாம், மூன்றாம் மாதங்களில் உரசல் வரும். உளவியலாளர் புரூஸ் டக்மன் 1965இலேயே குழுக்களின் வளர்ச்சியில் மோதல் ஒரு கட்டம் என்று எழுதினார். ஒருவர் புதிதாக வந்தாலே பழைய குழு போய்ப் புதுக் குழு ஆகிவிடுகிறது, எனவே இந்தக் கட்டம் திரும்பவும் வரும். அப்போது பலர் ஒதுங்கி, தன் பிரிவு, தன் வேலை என்று சுருங்கிவிடுகிறார்கள். ஒதுங்காதீர்கள். உரசிய நபரிடம் இரண்டு நாட்களுக்குள் நேரில் பேசுங்கள். எழுத்தில் வேண்டாம், மூன்றாமவர் வழியாகவும் வேண்டாம்.

முதல் பருவ முடிவில் முடிவு அட்டவணையை மறுபடி எடுத்து, நடைமுறையில் எங்கே மீறப்பட்டது என்று முதல்வரோடு பாருங்கள். தேர்வுக் காலத்தில் புதிய முயற்சி எதையும் தொடங்க வேண்டாம், வாராந்தரக் கூட்டத்தைப் பாதியாகச் சுருக்கலாம், ரத்து செய்ய வேண்டாம்.

ஆண்டு முடிவதற்கு ஆறு வாரம் முன்பு, அடுத்த ஆண்டுக்கான பாடவேளை, நிதி, நாட்காட்டி மூன்றும் ஒரே சமயத்தில் பேசப்படும். ஆண்டின் மிகக் கடுமையான கூட்டங்கள் இவை. உங்கள் கோரிக்கைகளை முன்னுரிமை வரிசையில் மூன்றாகச் சுருக்கிக்கொண்டு போங்கள். பத்துக் கேட்டால், உங்களுக்கு எது உண்மையில் தேவை என்பதை மற்றவர்கள் முடிவு செய்துவிடுவார்கள்.

10. ஒப்படைப்புக் குறிப்பை இப்போதே தொடங்குங்கள்

பதவியை விட்டுப் போகும் வாரத்தில் எழுதலாம் என்று வைத்தால் அது எழுதப்படாது. பொறுப்பேற்ற நாளிலேயே ஒரு நோட்டுப் புத்தகமோ கணினியில் ஒரு கோப்போ தொடங்கி, மாதத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு மாதக் கடைசி வேலை நாளிலும் ஐந்து வரி எழுதினால் போதும்: இந்த மாதம் வந்த கடைசித் தேதிகள், யாரிடம் என்ன கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது, எது எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் எடுத்தது, எந்தப் பெற்றோர் புகார் இன்னும் முடியவில்லை, அடுத்த ஆண்டு இதே மாதத்தில் எதை ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். மாணவர் பெயர்களும் ஆசிரியர் பற்றிய தனிப்பட்ட கருத்துகளும் இதில் வரக் கூடாது. அவற்றுக்கு அலுவலகக் கோப்புகள் இருக்கின்றன. கோப்பு இருக்கும் இடத்தை முதல்வருக்கும், நீங்கள் விடுப்பில் இருக்கும்போது உங்கள் வேலையைப் பார்ப்பவருக்கும் சொல்லி வையுங்கள்.